பின்வரிசை நாலு பில்லர்

தம்பி, தப்பா நினைக்காதீங்க. உங்க கையில இருக்கறது மெஹருன்னிசா டீச்சர் ஸ்கூல் படிவந்தானே? மேல இருக்கற நீல முத்திரையப் பார்த்துட்டுத்தான் கேக்கறேன். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுல நீங்க ஏறும்போதே கவனிச்சேன். மடிக்காம, கசங்காம, ரெண்டு கையாலயும் பிடிச்சுட்டு வர்றீங்க.

மகளுக்கா? பேரு? யமுனாவா. எத்தனை வயசு? ஒம்பது. பிடிச்சுக்கிட்டு நடக்குமா, இல்ல வீல்சேர்தானா? சரி, சரி. இதுவரைக்கும் ஸ்கூலுக்கே அனுப்பலையா? படிக்கட்டு இருக்கும், பாத்ரூம் போக முடியாது, யாராவது தூக்கணும். தெரியும் தம்பி. எல்லாப் பெத்தவங்களும் இதையேதான் சொன்னாங்க. நீங்க பரமக்குடியா? தறி போடறீங்களா? நல்லது.

அந்த ஸ்கூலோட புதுக் கட்டடம் என்னோடது தம்பி. சொந்தம்னு சொல்லல. நான் வரைஞ்சது. நான் ஆர்க்கிடெக்ட். பேரு தேவசித்தம். உங்ககிட்ட அழைப்பிதழ் குடுத்திருப்பாங்களே, திங்கக்கிழமை திறப்பு விழாவுக்கு? அதுல பாருங்க, கடைசியில, பந்தல் போடறவர் பேருக்குக் கீழ, எறும்பு மாதிரி எழுத்துல, 'கட்டட உதவி: திரு. தேவசித்தம்'. உதவியாம். ரெண்டு வருஷம் தம்பி. ஒரு கோடு வரையறதுலருந்து கடைசி ஜன்னல் கொக்கி மாட்டறவரைக்கும் கூட நின்னவனுக்குப் பேரு உதவி. சரி, போகட்டும். அது ஒரு மனக்குறை. நான் சொல்ல வந்தது அது இல்ல.

எனக்கா? மதுரைக்கு. மக வீடு. ரெண்டு வாரம் இருந்துட்டு வரலாம்னு. திறப்பு விழாவுக்கா? இல்ல. உடம்பு சரியில்லன்னு டீச்சருக்குச் சொல்லிட்டேன்.

உடம்புக்கு ஒண்ணும் இல்ல. சும்மா சொன்னேன்.

இருங்க, மொதல்லருந்து சொல்றேன். டீச்சர் என் ஆபீசுக்கு வந்தது ரெண்டு வருஷத்துக்கு முந்தி, ஆனி மாசம். ரிட்டயர்மென்ட் ஆகி ஆறு மாசம். அப்ப ஒரு வாடகை வீட்டுல இருபது பிள்ளைங்கள வச்சு நடத்திட்டு இருந்தாங்க. அவங்க வாப்பா விட்டுட்டுப் போன இடம் ஊருக்கு வெளிய, கடல் பக்கம் போற ரோட்டுல இருக்கு. "சார், எனக்கு நாலு அறை போதும். எல்லாம் தரையோட தரையா இருக்கட்டும். மேல ஓடு போட்டாக்கூடப் போதும்"னாங்க. அவ்வளவுதான் கேட்டாங்க. நாலு அறை, தரையோட.

நான் எப்பவுமே கட்டச் சொல்றவங்க பேசறதக் காதுகுடுத்துக் கேக்கறவன் தம்பி. சில பேர் மாதிரி வீட்டுக்காரன் வாயத் திறக்கறதுக்குள்ள வரைஞ்சு நீட்டற ஆள் இல்ல. அந்த வாடகை வீட்டுக்குப் போயி நாலு நாள் உக்காந்தேன். ஒரு வீல்சேர வாங்கி நானே அதுல உக்காந்து பார்த்தேன். குழாய் எட்டல. சுவிட்ச் எட்டல. ஜன்னல் வழியா வானந்தான் தெரியுது, ரோடு தெரியல. அந்தப் பிள்ளைங்களுக்கு ஊரே தெரியாது.

அப்பத்தான் தோணிச்சு. இந்தப் பிள்ளைங்க ஒருத்தராவது உயரத்துலருந்து எதையாவது பார்த்திருப்பாங்களா? மாடின்னா என்னன்னு தெரியுமா? அதனால மாடி வச்சேன். தரையோட நாலு அறை கேட்டாங்க, நான் கீழ ஆறு, மேல ஆறு வரைஞ்சேன். நடுவுல ஒரு ரேம்ப், சாய்வுப் பாதை. பன்னெண்டு அடி போனா ஒரு அடி ஏறற மாதிரி, கை வலிக்காம வண்டிய உருட்டிக்கிட்டே மொட்டை மாடி வரைக்கும் போயிடலாம். மொட்டை மாடியில நின்னா கடல் தெரியும். உக்காந்தாலும் தெரியணும்னு கைப்பிடிச் சுவர்ல தாழ்வா இடைவெளி விட்டேன்.

டீச்சருக்கு இஷ்டமில்ல. "மாடி எதுக்கு சார்? பயமா இருக்கே"ன்னாங்க. நான் அட்டையில கட்டடத்தோட மாடல் ஒண்ணு செஞ்சு கொண்டுபோய் மேசையில வச்சேன். ஒரு பொண்ணு, பேச்சு வராது அதுக்கு, விரல அந்த ரேம்ப்ல வச்சு அப்படியே மேல வரைக்கும் ஓட்டிச்சு. உச்சிக்கு வந்ததும் சிரிச்சுது. டீச்சர் அதைப் பார்த்துட்டுக் கண்ணத் துடைச்சுக்கிட்டு, "உங்க இஷ்டம் சார்"னாங்க.

பார்த்தீங்களா, சம்மதம் வாங்கித்தான் செஞ்சேன்.

அப்புறம் மண் பரிசோதனை, கம்பி கணக்குக்கு மதுரையில ஒரு இன்ஜினியர், பிளான் அப்ரூவல். அதுக்கே ஏழு மாசம். காண்ட்ராக்டர் கோட்டைச்சாமி. நல்ல வேலைக்காரந்தான், ஆனா பக்கத்துல நின்னாத்தான் வேலை நடக்கும். அங்க நிலத்தடித் தண்ணி உப்பு. கான்கிரீட்டுக்கு உப்புத் தண்ணி ஆகாது, நல்ல தண்ணி டேங்கர்லதான் வரணும்னு நான் எழுத்துலயே குடுத்திருந்தேன். எழுத்துல தம்பி. இன்னிக்கும் காட்டுவேன். அஸ்திவாரம் எல்லாம் நான் நின்னு போட்டது. அதுல ஒரு குத்தம் சொல்ல முடியாது. மொத்தம் பன்னெண்டு பில்லர். முன்வரிசை நாலு, நடுவரிசை நாலு, ரெண்டும் நான் நிக்கும்போது போட்டது. கல்லு மாதிரி இருக்கும்.

சத்திரக்குடி வந்துருச்சா? தண்ணி வச்சிருக்கீங்களா தம்பி? ஒரு வாய். தேங்க்ஸ்.

பின்வரிசை நாலு பில்லர் போட்டது போன வருஷம் சித்திரையில. அன்னிக்கு நான் இல்ல. சென்னையில இருந்தேன். அந்த ரேம்ப் வரைபடத்துக்கு ஒரு பரிசு குடுத்தாங்க. ஊர் உலகத்துல எத்தனை பேர் அனுப்பினாங்க, அதுல எனக்கு. போகாம இருக்க முடியுமா? மேடையில ஏறறதுக்கு முன்னாடி கோட்டைச்சாமி போன் பண்றான். "சார், டேங்கர் வரல. ரெண்டு பில்லர் போட்டாச்சு, பாக்கி ரெண்டு பாதியில நிக்குது. நிறுத்திட்டு நாளைக்குப் போட்டுக்கலாமா?" அப்படின்னான். அடுத்த வாரம் பத்திரிகைக்காரங்க படம் எடுக்க வர்றதா இருந்துச்சு. பில்லர் எல்லாம் வரிசையா நிக்கணும்ல? "நிறுத்தாதப்பா, எப்படியாவது முடி"ன்னேன். எப்படியாவதுன்னா எப்படியாவதுன்னு அர்த்தமா? உப்புத் தண்ணிய ஊத்துன்னு நான் சொன்னேனா? அவனுக்குப் புத்தி எங்க போச்சு?

அதுக்கப்புறம் தெரியாத நம்பர்லருந்து மூணு தடவை போன். கட் பண்ணிட்டேன். நாலாவது தடவை எடுத்தா, ஒரு பொம்பளைக் குரல். பஞ்சவர்ணம். கலவை போடற சித்தாள். சைட் போர்டுல என் நம்பரைப் பார்த்து அடிச்சிருக்கு. "சார், போர்வெல் உப்புத் தண்ணிய ஊத்தறாங்க சார். வெயில்ல இறுகுதுன்னு மேல மேல ஊத்தறாங்க. கலவை கஞ்சி மாதிரி ஓடுது. ரெண்டு பில்லருக்கு மட்டும் இல்ல சார், காலையிலருந்தே இப்படித்தான். நாலும் அதுலதான் போட்டது. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார்." மேடையில என் பேரக் கூப்பிடறாங்க. "எதா இருந்தாலும் காண்ட்ராக்டர்கிட்ட சொல்லும்மா"ன்னு வச்சுட்டேன்.

நீங்களே சொல்லுங்க, அந்த நேரத்துல நான் வேற என்ன செஞ்சிருக்க முடியும்?

ஊருக்கு வந்தேன். பில்லர் நாலும் பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு. பலகையப் பிரிச்சு, ஈரச் சாக்கு சுத்தி வச்சிருந்தாங்க. பஞ்சவர்ணம் சும்மாட்ட அவுத்துக் கையில வச்சுக்கிட்டு முன்னால வந்து நின்னுது. "சார், இந்த நாலையும் உடைச்சுட்டுப் போடுங்க. இப்ப உடைச்சா சுலபம். நானே கூட நின்னு உடைச்சுத் தர்றேன். சின்னப் பிள்ளைங்க இருக்கப் போற எடம் சார்." அத்தனை வேலைக்காரங்க முன்னாடி. எனக்கு எப்படி இருக்கும்? "நீ எந்தக் காலேஜ்ல படிச்ச?"ன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அது சிரிக்கல. சாந்துத் தட்டை எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு. மறுநாள்லருந்து வேலைக்கு வரல. கோட்டைச்சாமிகிட்ட, வேற சைட்டுல போடச் சொல்லியிருந்தேன். நிறுத்தச் சொல்லல. வேற சைட்டுலன்னுதான் சொன்னேன்.

இதக் கேளுங்க. பில்லர் போடும்போது அதே கலவையில ஆறு அங்குலத்துக்குச் சின்னச் சின்னக் கட்டி செஞ்சு வைப்போம். க்யூப்னு பேரு. இருபத்தெட்டு நாள் கழிச்சு அதை லேபுல மிஷின்ல வச்சு நசுக்கிப் பார்ப்பாங்க. எவ்வளவு பாரம் தாங்குதுன்னு தெரிஞ்சுரும். இருபத்தஞ்சு வரணும். முன்வரிசைக்கு இருபத்தெட்டு வந்துச்சு. நடுவரிசைக்கு இருபத்தேழு. பின்வரிசைக்குப் பதினொண்ணு.

பதினொண்ணு தம்பி.

லேபுக்காரங்க தப்பு பண்ணுவாங்க. க்யூப்ப சரியா குத்தாம விட்டிருப்பாங்க, வெயில்ல போட்டிருப்பாங்க. இப்படி எத்தனையோ தடவை நடந்திருக்கு. அதனால அந்த ரிப்போர்ட்ட நான் டீச்சர்கிட்ட காட்டல. மதுரை இன்ஜினியர்கிட்டயும் அனுப்பல. எதுக்கு வீணா பயமுறுத்தணும்? பத்திரிகையில படம் வந்துருச்சு. நாலு பில்லரும் சாயங்கால வெயில்ல அவ்வளவு அழகா இருந்துச்சு. அந்த வாரமே டீச்சர் கேட்டாங்க, "எல்லாம் சரியா இருக்கா சார்? எனக்கு இதெல்லாம் புரியாது, நீங்க சொல்றதுதான்." நான் சொன்னேன், "கண்ண மூடிட்டுப் பிள்ளைங்கள விடலாம் டீச்சர்"னு.

அப்பவும் ரெண்டு மூணு தடவை நினைச்சேன். கீழ் அறைங்களுக்கு மேல தளம் போடறதுக்கு முன்னால நினைச்சேன். பின்வரிசையச் சுத்தி இன்னொரு சுத்து கம்பி கட்டி, கனமாக்கிடலாம். அதுக்கு வழி இருக்கு. ஆனா ஏன்னு கேப்பாங்கல்ல? என்ன சொல்றது? தளம் போட்டாச்சு. ஒண்ணும் ஆகல. மாடி ஏறிச்சு. ஒண்ணும் ஆகல. ரேம்ப் முடிஞ்சுது. ஒண்ணும் ஆகல. ஒவ்வொண்ணும் முடியும்போது எனக்குத் தைரியம் வந்துச்சு. பதினொண்ணுங்கறது தப்புத்தான்னு நானே நம்பிட்டேன். ஒரு வருஷம் தம்பி, நல்லாத் தூங்கினேன்.

போன மாசந்தான். ரேம்ப்போட பின்பக்கத் திருப்பம் ரெண்டாவது பில்லர் மேலதான் உக்காருது. பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடி பார்க்கப் போனேன். உத்தரம் வந்து சேர்ற இடத்துக்குக் கீழ ஒரு கீறல். தலைமுடி மாதிரி. பூச்சு வெடிப்புன்னு நினைச்சேன். நினைச்சேன்னா, நினைக்கணும்னு நினைச்சேன். ஒரு வாரம் கழிச்சுப் போனா, பாக்கெட்டுல இருந்த பஸ் டிக்கெட் அதுக்குள்ள போகுது. சாய்வா, தோள்பட்டையிலருந்து இடுப்புக்கு இறங்கற மாதிரி. பூச்சு வெடிப்பு அப்படிப் போகாது. எனக்குத் தெரியாதா? இருபத்தாறு வருஷமா இதுதானே தொழில்.

என்ன பண்ணினேன்னு கேக்கறீங்களா?

பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்கச் சொன்னேன். மஞ்சள். பிள்ளைங்களுக்குப் பிடிக்கும்னு.

அப்படிப் பார்க்காதீங்க தம்பி. அன்னிலருந்து நான் சாப்பிடல. சோத்தப் பிசைஞ்சு வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். யாராவது கதவச் சாத்துற சத்தம் கேட்டா உடம்பு தூக்கிப் போடுது. டீச்சர் வீட்டு வாசல் வரைக்கும் ரெண்டு தடவை போனேன். ஒரு தடவை உள்ள உக்கார வச்சு பிரியாணி போட்டாங்க. "இந்தக் கட்டடத்த நீங்க கட்டல சார், அல்லாதான் உங்கள அனுப்பிக் கட்ட வச்சான்"னாங்க. அதுக்கு மேல நான் எப்படி வாயத் திறப்பேன்? அவங்களே வாயக் கட்டிட்டாங்க.

இல்ல. அவங்க கட்டல. சரி.

இன்னிக்குக் காலையில போன் பண்ணினாங்க. நாளைக்கு ஞாயித்துக்கிழமை ஒத்திகையாம். புதுசா சேர்ந்தவங்களோட அறுபத்திரெண்டு பிள்ளைங்களும் ஒரே வரிசையா, வீல்சேர்ல, கைத்தடியில, ரேம்ப் வழியா பாட்டுப் பாடிக்கிட்டே மொட்டை மாடிக்கு ஏறணுமாம். கூடவே பெத்தவங்க. எல்லாரும் ஒரே நேரத்துல அந்தப் பின்பக்கத் திருப்பத்துல நிப்பாங்க தம்பி. "நீங்க வந்து பார்க்கணும் சார், நீங்க நினைச்சது அப்படியே நடக்கப் போகுது"ன்னாங்க. உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு, போனை அணைச்சேன். பையில ரெண்டு சட்டைய எடுத்துப் போட்டேன். இந்த பஸ்ல வந்து ஏறிட்டேன்.

அது இத்தனை நாள் நிக்குதுல்ல? நாளைக்கும் நிக்கலாம். நிக்காதுன்னு யார் சொன்னா? நிச்சயமா விழும்னு சொல்ல நான் யாரு? ஒருவேளை...

உங்க மக ஒத்திகைக்கு வருதா?

யமுனாதான் முதல்லயா? இன்னிக்குத்தான் டீச்சர் சொன்னாங்களா, புதுப் பிள்ளை, அதுவே முன்னால போகட்டும்னு?

தம்பி, எந்திரிக்காதீங்க. அடிக்கணும்னா அடிங்க. உக்காந்தே அடிங்க. நான் உங்ககிட்ட ஏன் பேச்சுக் குடுத்தேன்னு எனக்கே தெரியல. அந்தப் படிவத்தப் பார்க்காம ஜன்னல் பக்கம் திரும்பிட்டு வந்திருக்கலாம்.

யாருக்குப் போன் போடறீங்க? வீட்டுக்கா? சொல்லுங்க. பிள்ளைய நாளைக்கு அனுப்ப வேண்டாம்னு சொல்லுங்க. அதச் சொல்லிருங்க, அது போதும். அப்படித்தான். நல்ல வேளை. அப்பாடா.

என்ன கேட்டீங்க?

மத்த பிள்ளைங்களா?

ஆமா. அறுபத்தோரு பிள்ளைங்க. ஆமா தம்பி. நீங்க சொல்றது சரி. உங்க பிள்ளை தப்பிச்சா ஆச்சா. நான் சொல்றேன். சொல்லத்தானே வேணும். மதுரை போய்ச் சேர்ந்ததும், கை கால் கழுவிட்டு, நிதானமா... இல்ல. இப்பவா? என் போன் அணைச்சு வச்சிருக்கேன், அதப் போட்டா அவங்க கூப்பிட்டதெல்லாம் வரிசையா வரும். உங்க போன்லயா. குடுங்க. நம்பர் எனக்கு மனப்பாடம். நான் சொல்றேன், நீங்க அடிங்க.

மணி அடிக்குது.

டீச்சர்? நான்தான், தேவசித்தம். வேற ஆள் போன். இல்ல டீச்சர், உடம்புக்கு ஒண்ணும் இல்ல. நீங்க எங்க இருக்கீங்க? புதுக் கட்டடத்துலயா? உள்ள யார் யார் இருக்காங்க? எல்லாரையும் வெளிய கூட்டிட்டு வாங்க. இப்பவே. பிள்ளைங்க பாடறது கேக்குது, பாட்ட நிறுத்தச் சொல்லிட்டு வாங்க. கேள்வி கேக்காதீங்க டீச்சர், மொதல்ல வெளிய வாங்க, நான் லைன்லயே இருக்கேன்.

வந்துட்டீங்களா? எல்லாரும்? எண்ணிப் பாருங்க. சரி. வாசல் கேட்டைப் பூட்டுங்க. நாளைக்கு ஒத்திகை வேண்டாம். திங்கக்கிழமை திறப்பும் வேண்டாம். பின்வரிசை நாலு பில்லரும் பலம் இல்ல டீச்சர். ரெண்டாவதுல விரிசல் விட்டிருக்கு. மஞ்சள் பெயின்ட்டுக்கு அடியில. நான்தான் மறைச்சேன். கோட்டைச்சாமி இல்ல. நான்தான் நிறுத்தாதேன்னு சொன்னேன். நான்தான்.

எப்பத்திலருந்து தெரியுமா?

போன வருஷம் வைகாசியிலருந்து டீச்சர்.

சொல்லுங்க டீச்சர், கேக்குது.

...

சரி டீச்சர்.

இந்தாங்க தம்பி, போன். வச்சுட்டாங்க. திட்டல. பின்னால பிள்ளைங்க சத்தம் கேட்டுது, ஏன் வெளிய நிக்கச் சொல்றீங்கன்னு ஒண்ணு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் சொன்னாங்க, "இந்தப் பிள்ளைங்ககிட்ட இதைச் சொல்ல என்னால முடியாது. நீங்களே வந்து சொல்லுங்க"ன்னு. அவ்வளவுதான். 'சார்'ங்கற வார்த்தையக் காணோம். எப்பவும் சார் சார்னுதான் பேசுவாங்க.

எந்த முகத்தோட போறது? என்னன்னு சொல்லுவேன்? கடலைக் காட்டறேன்னு நான்தான் சொன்னேன். அந்தப் பேச்சு வராத பொண்ணு என்னைப் பார்க்குமே. பில்லரை முட்டுக் குடுத்து, தளத்த இறக்கி, திரும்பப் போடறதுன்னா எத்தனை மாசம். அதுவரைக்கும் எங்க உக்காரும் அதுங்க? மதுரை இன்ஜினியருக்குச் சொல்லணும். பஞ்சவர்ணம் எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும்? தொண்டியா, ஏர்வாடியா, எந்த ஊர்ல கல்லு சுமக்குதோ.

பரமக்குடி வந்துருச்சா? நீங்க இறங்கணுமே. நானும் இறங்கறேன். ராமநாதபுரம் பஸ் எந்தப் பக்கம் நிக்கும்? எதிர்லயா? சரி. நான் போய்க்கறேன் தம்பி. நீங்க வீட்டுக்குப் போங்க, பிள்ளை காத்துக்கிட்டு இருக்கும்.

நீங்களும் வர்றீங்களா? எதுக்கு?

ஓ. நான் நடுவுல எங்கயாவது இறங்கிடுவேன்னு.

நியாயந்தான் தம்பி. இறங்கினாலும் இறங்கிடுவேன். வாங்க, அந்த பஸ்தான், எடுக்கப் போறான். நான் ஜன்னல் பக்கம் உக்காந்துக்கறேன். நீங்க வெளிப்பக்கம் உக்காருங்க.